திரும்பி வந்த சீர்

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், ஆரும் எடுத்துட்டுப் போயிர மாட்டாங்க. வக்கீலம்மா ஆபீசுல இருந்துதானுங்களே? மேகலா காத்தால வேலைக்குப் போறப்பவே சொல்லிப்போட்டுத்தான் போனா, சாமானையெல்லாம் போட்டோ எடுக்க ஒருத்தங்க வருவாங்கம்மான்னு. நான் ஆம்பளை ஆரோ வருவாங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. பொம்பளைப் புள்ளையே வந்திருக்கறீங்க, நல்லதாப் போச்சு. இந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க. சோபாவுல வேண்டாமுங்க, அடியில இன்னும் ஈரம் காயலை. ஈரத்தோட உக்காந்தா பஞ்சு அமுங்கி, மக்கல் வாடை வந்துரும்.

சீமெண்ணை வாடை அடிக்குதுங்களா? அது பீரோவுக்குப் போட்டதுங்க. ஜன்னலைத் தொறந்துதான் வெச்சிருக்கறேன், இன்னும் போகமாட்டேங்குது.

எடுங்க எடுங்க, எந்தப் பக்கம் வேணும்னாலும் நின்னு எடுங்க. சோபா, டீப்பாய், பீரோ, டிரெஸ்சிங் டேபிள், அந்த ரூமுக்குள்ள கட்டில். அஞ்சு உருப்படியும் இருக்குது. ஒண்ணொண்ணையும் தொடச்சுப் பளபளன்னு வெச்சிருக்கறேன். போட்டோவுல பாத்தா நேத்துத்தான் கடையில இருந்து வந்துதுன்னு சொல்லுவாங்க. வக்கீலம்மா என்னங்க, அந்த ஜட்ஜையா பாத்தாலும் இந்த ஊட்டுப் பொம்பளை சாமானை எப்புடி வெச்சிருக்கறா பாருன்னு சொல்லோணும். அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு.

ஏனுங்க அப்புடிப் பாக்கறீங்க? காப்பி போடட்டுங்களா? வேண்டாமா? சரி, எடுத்துட்டே கேளுங்க. எனக்கும் சொல்றதுக்கு ஆளில்லை. எங்க ஊட்டுக்காரரு மஞ்ச மண்டிக்குப் போனாருன்னா பொழுதெறங்கித்தான் வருவாரு, வந்தாலும் டிவியப் பாத்துட்டு உக்காந்துக்குவாரு. அக்கம்பக்கத்துல வாயத் தொறக்க முடியுதுங்களா? ஊரு வாயை மூட ஒலமூடி உண்டா?

ஆடி நோம்பிக்குப் புள்ளையை அழைச்சுட்டு வந்தமுங்க. கட்டிக் குடுத்தது தாராபுரத்துல. நல்ல எடம்தான். தோட்டம், போரு, ரெண்டு அடுக்கு மாடி ஊடு. மாப்பளை யுவராசு பேருக்கேத்த மாதிரித்தான் இருப்பாரு. நோம்பி கும்புட்டு, கறி ஆக்கித் தின்னு, எல்லாம் ஆச்சு. கெளம்பு கண்ணுன்னா கெளம்ப மாட்டேங்கறா. நான் போகலைம்மா. அவ்வளவுதான் சொன்னா. ஏன்னு கேட்டா, அடிக்கறாருங்கறா.

சொல்லாம இல்லைங்க, சொன்னா. நானும் காது குடுத்துக் கேட்டேன். எந்த ஊட்டுல இல்லைங்க அம்மிணி? எங்க ஊட்டுக்காரரும் வயசுக் காலத்துல கை நீட்டுனவருதான். நான் என்ன பொட்டியைத் தூக்கிட்டா ஓடிப்போயிட்டேன்? கோவம் வந்தா ஆம்பளை அடிக்கறான், கோவம் போனா பூ வாங்கிட்டு வர்றான். அப்புடித்தானே சொல்லிக் குடுத்துருக்கறாங்க நமக்கெல்லாம். ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும், மனசு ஆறிரும்னுதான் நானும் கம்முனு இருந்துட்டேன்.

அப்பத்தானுங்க அந்த டெம்போ வந்துச்சு.

எங்க பக்கம் ஒரு வழக்கம் அம்மிணி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ. புள்ளை கோவிச்சுட்டு அம்மா ஊட்டுக்கு வர்றது ஒரு பெரிய விசயமே இல்லை. பத்து நாளைக்கு வரும், பேசிக் கூட்டிட்டுப் போயிருவாங்க. ஆனா சீர் சாமான் திரும்பி வந்துட்டா அவ்வளவுதான். தாலியைக் கழட்டிக் கையில குடுத்த கணக்கு. கண்ணாலத்தன்னைக்கு மேளத்தோட ஊர் பாக்கப் போன சாமான் அத்தனையும், பட்டப்பகல்ல, ஒரு கயிறு கூட ஒழுங்காக் கட்டாம, டெம்போல போட்டு அனுப்பிப் போட்டாங்க. டிரைவரு வாசல்ல எறக்கிப் போட்டுட்டு, கையெழுத்தெல்லாம் வேண்டாமுங்கன்னு போயிட்டான். எதுத்த ஊட்டு ராமாத்தா கேட்டுக்குள்ள வந்தே பாத்தா. கடைக்குப் போற வர்றவங்கெல்லாம் நின்னு பாத்தாங்க.

திரும்பி வந்துச்சே, அதைக் கூடத் தாங்கிக்கலாமுங்க. அது வந்த கோலத்தைத்தான் தாங்க முடியலை. எங்கூட்டுச் சாமானுங்க அது. பாத்துப் பாத்து வாங்குனது. அந்த அழுக்கும் கறையுமாத் தெருவே பாத்துச்சேன்னு எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. அன்னைக்கே முந்தானையை எடுத்துச் சொருகிட்டு வாசல்லயே தொடைக்க ஆரம்பிச்சுட்டேன்.

எங்க அண்ணன்தான் அலைஞ்சாரு. மேகலாவுக்குத் தாய்மாமன். தாராபுரத்துக்கும் இந்தப் பெருந்துறைக்கும் நடையா நடந்து, கால்ல உழாத கொறையாப் பேசி, கடைசியில அவங்களும் எறங்கி வந்துட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழமை அவங்களே வந்து புள்ளையையும் சாமானையும் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவாச்சு. வெள்ளிக்கெழமைன்னா நாளைக்குங்க. அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. சிவகாமி, சாமானையெல்லாம் நல்லா வெச்சிரு, அவங்க வந்து பாக்கறப்ப ஒரு பேச்சுக்கு எடம் குடுக்கக் கூடாதுன்னாரு.

இந்தப் பக்கம் இவ என்னடான்னா, இப்ப வேலைக்குப் போற ஜவுளிக்கடையில இவளோட பில்லுப் போடற புள்ளை சொல்லுச்சுன்னு உங்க வக்கீலம்மாவைப் போயிப் பாத்துட்டு வந்திருக்கறா. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நாளைக்கு அவங்க வர்றப்ப நான் வர மாட்டேங்கறா. புடிச்சு ஏத்துனீங்கன்னா வழியிலயே எறங்கிருவேன், எங்கயாச்சும் போயிருவேன்ங்கறா. அம்மிணி, நீங்களும் ஒரு தாய் பெத்த புள்ளைதானே. இந்தப் பேச்சைக் கேட்டுட்டு ஒருத்தி எப்புடிங்க தூங்கறது? அனுப்பலைன்னா ஊரு காறித் துப்பும். அனுப்புனா இவ என்ன பண்ணிக்குவாளோன்னு பயம். ரெண்டு பக்கமும் நெருப்பு. அதனாலதான் நான் கையில துணியை எடுத்தவ கீழ வெக்கவே இல்லை. வேலை செய்யற வரைக்கும் மனசு ஓடாதுங்க.

மொதல்ல சோபாவுங்க. வாங்கறப்பவே சொன்னேன், அரக்கு நெறம் எடு கண்ணு, அழுக்குத் தெரியாதுன்னு. இவதான் சந்தன நெறந்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. வந்தப்ப பாக்கறேன், கை வெக்கற எடத்துல இருந்து சாயற எடம் வரைக்கும் பழுப்பா ஒரு கறை. காஞ்சு, துணி வெறச்சு நிக்குது. பீட்ரூட்டைக் கொட்டுனாளோ, மருதாணிக் கையை வெச்சாளோ, ஆருக்குத் தெரியும். நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்குங்க அம்மிணி. அந்தக் கறைக்கு வெந்நீரைத் தொடவே கூடாது. வெந்நீர் பட்டுச்சுன்னா துணியோட வெந்து ஒட்டிக்கும், அப்பறம் சாமியே எறங்கி வந்தாலும் போகாது. பச்சத் தண்ணியில கல்லுப்பைக் கரைச்சுக்கோணும். வெள்ளைத் துணியில நனைச்சு, ஒத்தி ஒத்தி எடுக்கோணும். தேய்க்கப்புடாது, தேச்சா அகலமாயிரும். பொம்பளைகளுக்கு இதைச் சொல்லியா குடுக்கோணும், மாசாமாசம் பாக்கறதுதானே. தண்ணி செவப்பா வந்துச்சுங்க. மாத்தி மாத்தி ஊத்துனேன். கடைசியில ஆப்பசோடாவைத் தூவி அப்புடியே உட்டுட்டு, காஞ்சதும் பிரசுல தட்டி எடுத்தேன். பாருங்க இப்ப, எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க பாக்கலாம். உங்களால முடியாது.

அந்த சோபாவுலயே இன்னொரு வேலை. உக்கார்ற மெத்தைக்கும் சாயற மெத்தைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குது பாருங்க, அதுக்குள்ள கையை உட்டேன், சுருக்குன்னுச்சு. பாத்தா கண்ணாடிச் சில்லு. பொடிப் பொடியா. டீப்பாய் வந்துச்சே, அது வெறுங்கூடாத்தான் வந்துச்சு, மேல போடற கண்ணாடி வரலை. கேட்டதுக்கு ஒடஞ்சு போச்சுன்னு மேகலா சொன்னா. எப்புடிக் கண்ணு ஒடஞ்சுதுன்னேன். உழுந்து ஒடஞ்சுதுன்னா. எது உழுந்துதுன்னு சொல்லலை, நானும் கேக்கலை. கண்ணாடிப் பொடிக்குக் கோதுமை மாவுதான் வைத்தியம். இளக்கமாப் பெசஞ்சு உருட்டி, சந்துக்குள்ள ஒத்தி ஒத்தி எடுத்தா ஒரு பொட்டு மிச்சமில்லாம ஒட்டிட்டு வந்துரும். சீவக்கட்டையைப் போட்டுக் கூட்டுனா பஞ்சுக்குள்ள போயிரும், நாளைக்கு எந்தக் கொழந்தையாச்சும் ஏறி உக்காந்தா என்னத்துக்கு ஆகறது? டீப்பாய்க்குப் புதுசா கண்ணாடி அளவெடுத்து வெட்டிட்டு வந்துட்டேன். தண்ணியில துளி வினிகரு ஊத்தி, பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கித் தொடைக்கறது. துணியில தொடச்சா நூலு ஒட்டும்.

அன்னைக்குப் பொழுதோட மேகலா வந்தா. சோபாவைப் பாத்தா. பாத்துட்டு அப்புடியே பையோட நின்னா. அம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கறேன்னா. இனிமே ஒண்ணையும் தொடாதே, வக்கீல் ஆபீசுல இருந்து வந்து பாக்கற வரைக்கும் எல்லாம் இருக்கற மாதிரியே இருக்கட்டும்னா. பெட்ஷீட்டை எடுத்து மிச்சச் சாமானுக்கெல்லாம் போத்தி உட்டா.

நீங்களே நாயத்தைச் சொல்லுங்க அம்மிணி. ஒறம்பரை ஒருத்தர் ஊட்டுக்கு வர்றாங்கன்னா நாம ஊட்டைக் கூட்டுவமா, கூட்டாம அழுக்கைக் காட்டுவமா? படிச்சவங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்க, அவங்க முன்னால கறை படிஞ்ச சோபாவையும் கோணப் பீரோவையும் வெச்சா நாளைக்கு நம்மளைப் பத்தி என்னன்னு நெனப்பாங்க? இவ சொல்றான்னு கேட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா? அவ அக்கட்டால வேலைக்குக் கெளம்புனா, நான் இக்கட்டால பெட்ஷீட்டை உருவுனேன். அவ வர்றதுக்குள்ள திரும்பப் போத்தி உட்டுருவேன். போத்துனது போத்துனபடி இருக்குதுன்னு நெனச்சுட்டு இருக்கறா பாவம். இன்னைக்குக் காத்தால அவ போனதுக்கப்பறந்தான் எல்லாப் போர்வையையும் எடுத்து மடிச்சு வெச்சேன், நீங்க வர்றீங்கன்னு.

டிரெஸ்சிங் டேபிளைப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. மரமா அது, மரத்தூளை ஒட்டிப் பண்ணுன பலகை, மேல மைக்கா ஒட்டி ஏமாத்தறாங்க. தண்ணி பட்டுச்சுன்னா பப்படமாட்ட உப்பிக்கும், உப்புனது உப்புனதுதான். கீழ் மூலை பூரா உப்பி வந்திருந்துச்சு. பாவாடைத் துணியில கொசுவம் வெச்சுத் தெச்சுச் சுத்தி உட்டுட்டேன், அழகாத்தான் இருக்குது. கண்ணாடி ஓரத்துல பொட்டு ஒட்டி ஒட்டி எடுத்த பசை. அதுக்குத் தேங்காயெண்ணையைத் தொட்டு வெச்சு, சித்த நேரம் கழிச்சு வழிச்சா வந்துரும்.

பீரோதான் என்ற உசுரை வாங்கிருச்சு. கீழ் ஓரமெல்லாம் துரு. தாராபுரத்துப் போர்த் தண்ணி உப்பு, தொடைச்சு உடாம உட்டா இரும்பைத் தின்னுரும். சீமெண்ணையை நனைச்சு ஊற வெச்சு, பொடி உப்புத்தாள்ல சொரண்டி, தொடச்சுட்டு, லேசாத் தேங்காயெண்ணைக் கையால ஒரு தடவு தடவோணும். ஈரத் துணியில தொடச்சா அன்னைக்கே காஞ்ச துணியில இன்னொருக்காத் தொடைக்கோணும். அது பண்ணிப்போட்டேன். கதவுலதான் ஒரு பள்ளம் இருந்துச்சு. நல்லா உள்ளங்கை குழிஞ்ச மாதிரி. கைப்புடியில தலமுடி சுத்திக் கெடந்துச்சு, நீள முடி, ஒரு கொத்து, வேரோட. பீரோக் கண்ணாடியப் பாத்துத் தல சீவுனா முடி உழத்தான் செய்யும், இல்லைங்களா? பிச்சு எடுத்து அடுப்புல போட்டேன். முடியை வெளிய போடக் கூடாதுங்க, ஆகாது.

பள்ளத்துக்கு ஒர்க்சாப்புல இருந்து டிங்கர் வேலை பாக்கற ஒருத்தனைக் கூட்டியாந்தேன். அவன் கதவைக் கழட்டி உள்ள இருந்து தட்டிக்கிட்டே, ஏனுங்கக்கா, தலை மோதுனாப்புல இருக்குதேன்னான். உன்ற சோலி தட்டறது, தட்டிட்டுப் போன்னுட்டேன். அவனுக்கு வாய் நீளம். நாளைக்கு டீக்கடையில உக்காந்து பேசுவான். பெயிண்ட்டும் அவனே அடிச்சான். தடவிப் பாருங்க. அந்த எடத்துல கை வெச்சா உங்களுக்கு என்ன தெரியுது? ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும், கண்ணை மூடிட்டுக் காட்டுவேன். கைப்புடிக்கு ஒரு சாண் மேல. மேகலாவை நிக்க வெச்சா அவ நெத்திக்குச் சரியா வரும்.

நிக்க வெச்சுப் பாக்கலைங்க. சும்மா சொல்றேன்.

சும்மா சொல்லலை அம்மிணி. உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கறது. அந்தப் பள்ளத்தைப் பாத்துட்டுச் சோறு எறங்கலைங்க எனக்கு. தட்டை வெச்சுட்டு உக்காந்தா கண்ணு அங்கயே போகுது. எந்திரிச்சு வந்து ஒரு துணியைத் தொங்க உட்டேன், துணியைத் தாண்டியும் தெரியுது. அதான் ஆளைக் கூட்டியாந்து தட்டச் சொன்னேன். தட்டி முடிச்சப்பறம் அன்னைக்குத்தான் ரெண்டு வாய் தின்னேன்.

ஏனுங்க, போனைக் கீழ வெச்சுட்டீங்க? வெளிச்சம் பத்தலீங்களா? லைட்டைப் போடட்டுமா?

என்னது?

இருங்க இருங்க, எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க. அந்தக் கறையும் பள்ளமும் தான் வேணுமா? அதைப் போட்டோ எடுக்கத்தான் உங்களை அனுப்புனாங்களா? இந்தப் பளபளப்பு வேண்டாமா? அம்மிணி, அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? திங்கக்கெழமை கோர்ட்டுல காட்டி, அவன் பக்கத்துலயே வரக்கூடாதுன்னு ஆர்டர் வாங்கறதுக்கா? அதை ஏனுங்க இவ எங்கிட்டச் சொல்லலை. சொன்னாளே. தொடாதேன்னு சொன்னாளே. எதுக்குன்னு சொல்லலைங்க, சொல்லியிருந்தா... சொல்லியிருந்தாலும் தொடச்சிருப்பனோ என்னமோ. கடவுளே.

அப்ப கேசு நிக்காதுங்களா? கஷ்டம்ங்கறீங்க. கஷ்டம்னா நிக்காதுன்னுதானே அர்த்தம், வக்கீல் பாசையில. அவங்க சொல்றது இவ சொல்றதுக்கு எதுப்பேச்சு, சாட்சிக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிரும். அப்ப நாளைக்கு இவ போயித்தான் ஆகோணுமா?

நான் அதைத்தானே வேண்டிக்கிட்டு இருந்தேன். மாரியம்மனுக்குப் பூவோடு, அந்த நெருப்புச் சட்டி, எடுக்கறதா வேண்டியிருக்கறேன் அம்மிணி, இவ நல்லபடியாப் போயிச் சேரட்டும்னு. நீங்க சொல்றதைக் கேட்டா எனக்கு நிம்மதியா இருக்கோணும். பின்ன ஏன் தொடச்ச டீப்பாயையே முந்தானையில மறுக்காத் தொடச்சுட்டு இருக்கறேன் பாருங்க.

தொடச்ச துணியா? நல்லா நெனப்புப் படுத்துனீங்க, இருக்குதுங்க, அத்தனை துணியும் இருக்குது, ஒண்ணைக் கூடத் தூக்கி வீசலை. அதுல இருந்தாப் போதுமா? அதைக் கொண்டு போயி டெஸ்ட்டு பண்ணுவாங்களா? வாங்க, ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்கு வாங்க, கொடியில...

தொவச்சுப் போட்டுட்டேனுங்க. நேத்துத்தான். நீலம் போட்டு அலசிப் போட்டிருக்கறேன். வெள்ளை வெளேர்னு தொங்குது பாருங்க. எதையும் அழுக்கா வெச்சுப் பழக்கமில்லை எனக்கு. எங்கம்மா அப்புடி வளத்திப் போட்டா.

உக்காருங்க அம்மிணி, போயிராதீங்க. சித்த உக்காருங்க. நீங்க எந்திரிச்சுப் போயிட்டா எனக்கு வேற ஆரும் இல்லை. ஒரு வழியுமே இல்லையான்னு வக்கீலம்மாகிட்டப் போன் பண்ணிக் கேளுங்க. என்னங்க சொல்றாங்க? நானா? நான் வாயில சொன்னாப் போதுமா? எங்க எங்க என்னென்ன இருந்துச்சு, எதுல தொடச்சேன்னு சத்தியம் பண்ணிச் சொல்லோணுமா? கோர்ட்டு ஏறியா? எங்க ஊட்டுக்காரரு வெட்டிப் போடுவாரு. எங்க அண்ணன் ஜென்மத்துக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாரு. பெத்தவளே மகளை வாழாவெட்டி ஆக்கிப் போட்டான்னு இந்த ஊரு என்னைய...

இருங்க, போன் அடிக்குது. அண்ணன்தான்.

சொல்லுங்கண்ணா. ஆமாங்கண்ணா. ஊட்டுலதானுங்கண்ணா இருக்கறேன். நாளைக்கு அஷ்டமியா? இன்னைக்கேவா? காங்கயம் தாண்டிட்டாங்களா? மாப்பளையும் வர்றாரா? சரிங்கண்ணா. வரட்டுங்கண்ணா. எல்லாம் தொடச்சுத் தயாரா இருக்குதுங்கண்ணா. மேகலா கடையிலதான் இருக்கறா, வந்துருவா. டிபன் பண்ணி வெக்கறேன். சரிங்கண்ணா, வெச்சுடட்டுங்களா.

கேட்டீங்களா? காங்கயம் தாண்டிட்டாங்களாம். ஒரு மணி நேரம் கூட ஆகாது, வந்துருவாங்க. டெம்போவும் கூடவே வருதாம். சாமானை ஏத்தறதுக்கு.

அம்மிணி, நீங்க உடனே மேகலாவுக்குப் போன் பண்ணுங்க. ஊட்டுக்கு வர வேண்டாம், நேரா உங்க ஆபீசுக்குப் போயிருன்னு சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா, புடிச்சுக் குடுக்கறதுக்குக் கூப்புடறேன்னு நெனச்சுக்குவா. கண்ணு, நேரத்தைக் கடத்தாதே, போடு.

எடுத்தாளா? கெளம்பறாளா? என்ன கேட்டா? அம்மா எங்கன்னு கேட்டாளா? பக்கத்துலதான் இருக்கறாங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன சொன்னா? போனை வெச்சுட்டாளா. சரி. போயிச் சேரட்டும்.

இருங்க, கேட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டு வந்தர்றேன்.

ம். போட்டாச்சு. அந்தப் போன்ல பேசுனாப் பதிவாகுமில்ல? இங்க வெய்யுங்க, டீப்பாய் மேல. அவங்க வந்து கேட்டைத் தட்டறதுக்குள்ள சொல்லிப்போடறேன். தட்டுனாலும் தட்டட்டும், சொல்லி முடிக்காம எந்திரிக்க மாட்டேன். அண்ணன் வந்து கத்துனாலும் சரி. முந்திச் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்றேன், ஒண்ணொண்ணா, எந்த எடம் எவ்வளவு நீளம்னு கையாலயே அளந்து காட்டறேன். அதுக்கு முன்ன உங்ககிட்டச் சொல்லாதது ஒண்ணு இருக்குது. அதைச் சொல்லிப்போட்டுத்தான் மத்தது.

என்ற பேரு சிவகாமி. மேகலாவோட அம்மா.

அந்த ரூமுல இருக்கற கட்டிலு எங்கப்பன் தோட்டத்துத் தேக்கு. தேக்குக்கு அதிகமா ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. துணியை நனைச்சு இறுகப் புழிஞ்சு, மரத்தோட ஓட்டம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமாத் தொடைக்கோணும், ஒடனே காஞ்ச துணி போடோணும், அப்பறம் பஞ்சுல ரெண்டு சொட்டு எண்ணை. அப்புடித்தான் தொடச்சுட்டு வந்தேன். கால்மாட்டுப் பக்கம், எடது காலு. தரையில இருந்து ஒரு முழ ஒசரத்துல, காலைச் சுத்தி ஒரு தடம். பாலிஷெல்லாம் போயி வெள்ளை மரம் தெரியுது. வெரலை வெச்சா வெரலு உள்ள உக்காருது. ஆட்டைக் கட்டற முளைக்குச்சியில இருக்கும் பாருங்க, அந்த ஆடு இழுத்து இழுத்துக் கயிறு தேச்ச தடம், அந்த மாதிரி. ஒரு நாள்ல வர்ற தடம் இல்லைங்க அது. நாய் வளத்திருப்பாங்க, கட்டில் கால்ல கட்டிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். தேய்க்கத் தேய்க்க மரம் எறங்குது, தடம் போகலை. மரத்தூளையும் பசையையும் கொழைச்சு அப்பி, காய வெச்சு, மறுக்காத் தேச்சு, பாலிஷ் வாங்கிட்டு வந்து மூணு கை அடிச்சேன். இப்பத் தெரியாது.

அன்னைக்குப் பொழுதோட மேகலா சாப்புட உக்காந்திருந்தா. நான்தான் கேட்டேன். ஏங்கண்ணு, அங்க நாய் வளத்தீங்களா, கட்டில்ல கட்டிப் போடுவீங்களான்னு. அவ தட்டுல வெச்ச கையை எடுக்கலை. என்னைய நிமுந்து பாக்கவும் இல்லை.

“நாய் இல்லம்மா”ன்னா.

நான் கொழம்பு ஊத்தட்டுமான்னு கேட்டேனுங்க.